மனு பார்க்கப் போன எட்டு மாதங்கள்

சிறையில் இருப்பவரைப் போய்ச் சந்திப்பதை எங்கள் பக்கத்தில் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். அலுவலக மொழியில் அதன் பெயர் நேர்காணல். வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் அதே சொல்தான் என்பதால், முதல்முறை சிறை வாசலில் ‘நேர்காணல் பிரிவு’ என்ற பலகையைப் படித்த என் அம்மா, இது நமக்கில்லை என்று அடுத்த வாசலைத் தேடி நடந்துவிட்டார். அந்தக் குழப்பத்தில் தொடங்கி எட்டு மாதங்கள், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தம்பியைப் பார்க்கப் போய்வந்தோம். அந்த ஏற்பாடுகள் எப்படி இருக்கின்றன, சிறைவாசிகளுக்கும் குடும்பத்துக்கும் எந்த உதவி உண்மையிலேயே கிடைக்கிறது என்பதைப் புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். ஊரிலேயே கேப்பர் மலையில் ஒரு மத்திய சிறை இருக்கிறது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைக் கைது செய்து வைத்தது கடலூர்ச் சிறையில்தான் என்று பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் தம்பி ஓட்டுநராக வேலை பார்த்தது வேறொரு மாவட்டத்தில். வழக்கு பதிவானதும் அங்கேதான். ஆகவே ரிமாண்டும் அந்த ஊர்ச் சிறைக்கே ஆயிற்று. தமிழ்நாட்டில் ஆண்களுக்கான மத்திய சிறைகள் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்பதற்கு மேல் ஊர்ப்பெயரைச் சொல்ல விருப்பமில்லை, ஏனென்றால் தம்பி ஜாமீனில் வந்துவிட்டாலும் வழக்கு இன்னும் வாய்தாவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு இரு பக்கமும் அமர்ந்து பேசும் அந்தப் பதினைந்து நிமிடம், நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. அதற்கு முன்னால் வெளியே கழியும் மூன்று நான்கு மணி நேரம்தான் மோசம். உள்ளே இருப்பவருக்கென்று விதிகள் இருக்கின்றன, மேற்பார்வை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நமக்குத் தெரியவேண்டிய ஒவ்வொன்றையும் வரிசையில் முன்னால் நிற்கும் யாரோ ஒரு அம்மாதான் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

முதல் பயணத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதிகாலை மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்து, முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம் வந்து, பாடலீஸ்வரர் கோயில் இருக்கும் திசைக்கு அம்மா ஒரு கும்பிடு போட்டு, நான்கு மணி வண்டியில் ஏறினோம். நான்கரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு சிறை வாசலில் போய் நின்றபோது, இன்று தண்டனைக் கைதிகளுக்கான நாள், விசாரணைக் கைதிகளுக்கு நாளை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன காவலர் கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு அது அன்றைய முப்பதாவது முறையாக இருந்திருக்கலாம். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டிருக்கக் கூடாதா என்றும் கேட்டார். அதற்கு முந்தைய நாள் மூன்று முறை அழைத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கிழமை விவரம் வாசலுக்கு உள்பக்கச் சுவரில், வெயிலில் வெளுத்துப்போன ஒரு பலகையில் இருந்தது. உள்ளே போக அனுமதி கிடைத்தவருக்குத்தான் அது தெரியும். அவருக்கு அதைத் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மறுமுறை சரியான நாளில் போனோம். மனுச் சீட்டில் கைதியின் பெயர், தகப்பனார் பெயர், குற்ற எண், காவல் நிலையம், பார்க்க வந்தவரின் பெயர், முகவரி, உறவுமுறை ஆகியவற்றை எழுத வேண்டும். ஆதார் அட்டையின் இருபக்க நகலும் வேண்டும். அட்டையின் படம் கைப்பேசியில் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் கைப்பேசியை வாசலுக்குள் கொண்டுபோக முடியாது. சிறைக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த இரண்டு இல்லாமைகளையும் வைத்தே பிழைப்பு நடத்துகிறார்: நகல் எடுத்துத் தருவார், கைப்பேசிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பெயர் எழுதிய காகிதத்தைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துக்கொள்வார், எழுதத் தெரியாதவருக்குச் சீட்டும் எழுதித் தருவார். அந்த வளாகம் முழுவதிலும் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பதையும் எழுதவேண்டியிருக்கிறது.

சீட்டைச் சன்னலில் கொடுக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. எழுதியிருப்பதையே திரும்பவும் வாய்விட்டுக் கேட்கிறார்கள்: யாரைப் பார்க்கவேண்டும், என்ன உறவு, என்ன கேஸ். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அம்மா முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றாவதற்கு என் முகத்தைப் பார்த்தார். குற்ற எண் சீட்டிலேயே இருக்கும்போது அந்தக் கேள்விக்கு அவசியம் என்ன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எட்டு மாதங்களில் ஒரேயொரு அலுவலர் மட்டும் அதைக் கேட்காமல், எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு டோக்கன் தந்தார்.

காத்திருக்கும் இடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. மூன்று சிமெண்டுத் திண்ணைகள். குடிநீர் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. பெண்களுக்கான கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வாசல் காவலரிடம் வைத்திருந்தார்கள். ஆண் காவலரிடம் போய்ச் சாவி கேட்கத் தயங்கி, நான்கரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் பிறகும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஆண்கள் சிறை என்றாலும் வாசலில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை அந்தக் கொட்டகையைக் கட்டியவர் யோசித்திருக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால், குற்றவாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு மெத்தை போடவேண்டுமா என்று கேட்கும் உறவினர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. விசாரணைக் கைதி குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பது ஒருபுறமிருக்க, சந்திப்பு என்பது சிறை நிர்வாகம் மனமிரங்கித் தரும் சலுகையும் அல்ல. பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் 1981ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் சந்திப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி, தடுப்புக்காவலில் இருந்த ஒருவருக்கு மாதம் ஒரு சந்திப்புதான் என்ற கட்டுப்பாட்டை ரத்து செய்திருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கும் இந்தக் கொட்டகைக்கும் இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன.

அடுத்து, கொண்டுபோகும் பொருள்கள். இந்தப் பகுதியை மட்டும் புதிதாகப் போகிறவர்கள் நிதானமாகப் படிக்கவேண்டும். வீட்டில் சமைத்த எதுவும் நாங்கள் போன சிறையில் உள்ளே போகாது. பிஸ்கட், ரொட்டி, முழுப் பழம், உள்ளாடை, துண்டு, சோப்பு, பற்பசை ஆகியவற்றை வாங்கிக்கொண்டார்கள். அது பலாக்காலம் என்பதால் அம்மா பண்ருட்டிப் பலாவில் நல்ல சுளைகளாகப் பார்த்து எடுத்து, கொட்டை நீக்கி, எவர்சில்வர் தூக்கில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பழம்தானே என்பது அவர் வாதம். வெட்டிய பழம் கூடாது என்பது விதி. பலாவை வெட்டாமல் கொண்டுவருவதென்றால் எப்படி என்று அந்தக் காவலருக்கும் தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார், அம்மா சிரிக்கவில்லை. தூக்கு அப்படியே கடலூருக்குத் திரும்பி வந்தது. பேருந்தில் வாசனை தாங்காமல் பக்கத்து இருக்கைக் குழந்தை கேட்க, வழியெல்லாம் அந்தக் குழந்தைக்கே கொடுத்து முடித்தார்.

சோதனை செய்யும் முறையில் எனக்குக் குறையில்லை. சோப்பை மெல்லிய கம்பியால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார்கள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் துண்டுதுண்டாகத் தள்ளிப் பார்த்தார்கள். பற்பசைக் குழாயை அழுத்தித் தடவினார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் இருந்தார், அதற்குத் தனித் தடுப்பும் இருந்தது. இவ்வளவு கவனத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, என்னென்ன கொண்டுவரலாம் என்று வெளிவாசலில் ஒரு பலகை எழுதி வைத்திருந்தால், தினமும் பத்துத் தூக்குகள் திரும்பிப் போகவேண்டியிருக்காது.

இனி அந்த அறை. கண்ணாடித் தடுப்பு, இருபக்கமும் இன்டர்காம் கருவி, ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் தோள் உயரத்துக்குச் சிறு மரத்தடுப்பு. தண்டனைக் கைதி ஒருவரைப் பல ஆண்டுகளாகப் பார்க்க வரும் ஒரு அம்மா, முன்பெல்லாம் இரண்டு கம்பி வலைகளும் நடுவில் காவலர் நடக்க ஓர் இடைவெளியும் இருக்கும் என்று சொன்னார். வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். தன் மகன் சொன்னதில் பாதியை வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஊகித்துக்கொள்வேன் என்றார். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். முகம் தெளிவாகத் தெரிகிறது, குரல் காதுக்கு அருகில் கேட்கிறது. அழுதால் பக்கத்து இருக்கைக்குத் தெரிவதில்லை.

குறை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் ரிசீவர் ஒன்றுதான். மனுவில் மூன்று பேர் வரை எழுதலாம். அம்மாவுக்கு வலது காது மந்தம். பதற்றத்தில் அவர் ரிசீவரை வலது காதிலேயே வைத்துக்கொண்டு, என்னடா பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அப்பால் தம்பி தன் இடது காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அது புரிந்து மாற்றுவதற்குள் மூன்று நிமிடம் போயிற்று. கருவியில் ஒலிபெருக்கும் பொத்தான் ஒன்று வைத்தால், வயதான பெற்றோர் அவ்வளவு பேருக்கும் உதவும். நேரம் முடிந்ததும் இணைப்பு தானாகவே அறுந்துவிடுகிறது. சொல்லிக்கொண்டு எழுந்திருக்க ஒரு நொடி கிடைப்பதில்லை. முன்னறிவிப்பாக ஒரு மணி அடித்தால் போதும்.

நேரில் போக முடியாத வாரங்களில் தொலைபேசி கைகொடுத்தது. தம்பிக்குச் சொல்லப்பட்ட கணக்கு மாதம் பத்து அழைப்புகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம். முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற்ற எண்களுக்கு மட்டும் பேசலாம். அழைப்பு அங்கிருந்துதான் வரும், நாம் அழைக்க முடியாது. ஆகவே அந்த நேரங்களில் அம்மா கைப்பேசியைச் சமையலறைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். காணொளிச் சந்திப்புக்கு மத்திய அரசின் சிறைத் தகவல் இணையதளத்தில் ‘இ-முலாகாத்’ என்ற பெயரில் பதிவு செய்யும் வசதியும் உண்டு. முலாகாத் என்றால் சந்திப்பு என்று ஒருவர் சொல்லித் தரும்வரை அது ஏதோ மருந்தின் பெயர் என்று அம்மா நினைத்திருந்தார். முதுநகரில் எங்கள் தெருவில் இணைய வேகம் போதாததால் ஒருமுறைதான் முயன்றோம், அதற்குப் பிறகு ஒலி அழைப்போடு நிறுத்திக்கொண்டோம். வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினருக்கு அது மிகவும் பயன்படும்.

பணம் அனுப்புவதில் சிக்கல் இல்லை. கைதியின் பெயரில் ஒரு கணக்கு வைத்து, நாம் கட்டும் தொகையை அதில் வரவு வைத்து, அதிலிருந்து உள்ளேயுள்ள கேன்டீனில் வாங்கிக்கொள்ள விடுகிறார்கள். கையில் பணம் தர முயல்வது குற்றம். யாராவது நான் சேர்த்துவிடுகிறேன் என்று வெளியே கேட்டால் கொடுக்கக்கூடாது.

இப்போது உதவிச் சேவைகளுக்கு வருகிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் எவரும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச சட்ட உதவிக்கு உரியவர். எங்களுக்கு இது முதல் மூன்று மாதங்கள் தெரியாது. அந்த மூன்று மாதங்களில் ஒரு வழக்கறிஞருக்கு இரண்டு தவணையாகப் பணம் கொடுத்தோம். ஜாமீன் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், அடுத்த வாரம் என்பதே பதில். சிறை வாசலில் யாரும் எங்களிடம் இலவச உதவி பற்றிப் பேசவில்லை. கடைசியில் கழிப்பறைச் சாவிக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண் சொன்னதைக் கேட்டுத்தான் 15100 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தேன். மறுநாள் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். வழக்கு வேறு மாவட்டத்தில் இருந்தபோதும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் விவரம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த மாவட்டத்து ஆணைக்குழுவுக்கு அவர்களே அனுப்பிவைத்தார்கள். பத்து நாள்களுக்குள் ஒரு வழக்கறிஞர் சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் தம்பியைச் சந்தித்துக் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். இந்த எட்டு மாதங்களில் எனக்கு முழு மனநிறைவு தந்த சேவை இது ஒன்றுதான். அம்மாவுக்கு நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்லிப் பேசிய முதல் அரசு அலுவலகமும் அதுவே.

அங்கே கேட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்கே எழுதுவது மற்றவர்களுக்கு உதவும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, இதற்குமுன் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்பட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதி. மரணதண்டனையோ ஆயுள்தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. ஜாமீன் உத்தரவு ஆகியும் பணம் கட்ட முடியாமல் உள்ளேயே இருப்பவர்களுக்காக மத்திய அரசு 2023இல் தொடங்கிய ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் உதவி என்று தொடக்கத்தில் வரையறுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று தந்த வழிகாட்டுதல்படி, ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குச் சிறையிலிருந்து தகவல் போகவேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட நேர்காணல் கொட்டகையின் சுவரில் நான் பார்த்ததில்லை. இருமல் மருந்து விளம்பரம் ஒன்று மட்டும் இருந்தது.

பரோல், அதாவது சில நாள்கள் வெளியே போய்வரும் அனுமதி, எல்லாக் கைதிகளுக்கும் உண்டு என்ற தவறான எண்ணம் பலருக்கு இருக்கிறது. உள்ளே அதை ‘லீவு’ என்கிறார்கள். தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982இன்படி அது தண்டனைக் கைதிகளுக்கானது. பெற்றோர், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் ஆகியோரின் மரணம் அல்லது கடுமையான நோய், பிள்ளைகளின் திருமணம் போன்ற காரணங்களுக்கு அவசர விடுப்பு 15 நாள்கள் வரை கிடைக்கலாம். சாதாரண விடுப்புக்கு நன்னடத்தை அலுவலரின் அறிக்கை தேவைப்படும். தம்பியைப் போன்ற விசாரணைக் கைதிக்கு இந்த வழியில்லை. நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன்தான் கேட்கவேண்டும். எங்கள் சித்தப்பா இறந்தபோது இது தெரியாமல் சிறை அலுவலகத்தில் மனுவோடு நின்று அரைநாளைத் தொலைத்தேன். சித்தப்பா பட்டியலிலேயே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே நடப்பவை பற்றித் தம்பி சொன்னதை வைத்துத்தான் சொல்ல முடியும். மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். முதல் மாதம் தூக்கமில்லாமல் இருந்தபோது இருமுறை கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். சாப்பாடு பற்றிக் கேட்டால், அம்மாவுக்கு முன்னால் அவன் எப்போதும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வான், அதற்கு மதிப்பெண் போட நான் தயாராக இல்லை. நூலகம் இருக்கிறது. சிறைவாசிகளுக்காகப் பொதுமக்களிடம் நூல்களைத் திரட்ட 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று ஓர் அரங்கே வைத்தது. அங்கே வந்து சேர்ந்த புத்தகமோ வேறெதுவோ, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தம்பி, லாரி எஞ்சின் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை முழுவதும் படித்து முடித்ததாகச் சொன்னான்.

ஜாமீன் உத்தரவு வந்தது ஒரு வியாழக்கிழமை. ஜாமீன்தாரர் இருவரின் ஆவணங்களைச் சரிபார்த்து முடிக்க வெள்ளி மாலை ஆகிவிட்டது. உள்ளே கணக்கெடுத்து அறைகளைப் பூட்டிய பிறகு விடுவிப்பதில்லை என்பதால் சனிக்கிழமை காலை வரச் சொன்னார்கள். இரவு திரும்பிப் போய் மறுபடி வர வழியில்லாமல், பேருந்து நிலையத்திலேயே அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். காலை ஏழே முக்காலுக்குச் சிறிய கதவு திறந்தது. தம்பியின் கையில், உள்ளே போகும்போது வாங்கி வைத்துக்கொண்ட பொருள்களின் உறை இருந்தது: கைக்கடிகாரம், ஓட்டுநர் உரிமம், பெல்ட். கேன்டீன் கணக்கில் மீதமிருந்த 340 ரூபாயையும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுத்திருந்தார்கள். அம்மா கட்டிய ரசீதுகளோடு அதைப் பேருந்தில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை.